எழுதி வைக்காமல் போனவர்களின் வாரிசுகள்

ஆஸ்டெரிக்ஸ் படக்கதை படித்தவர்களுக்கு கெட்டஃபிக்ஸ் தாத்தாவைத் தெரிந்திருக்கும். நீள வெள்ளைத் தாடி, வெள்ளை அங்கி, கையில் தங்க அரிவாள். மரத்தில் ஏறிப் புல்லுருவி அறுத்துக்கொண்டு வந்து அண்டாவில் போட்டு மந்திர மருந்து காய்ச்சுவார். ட்ரூயிட் என்றால் நம்மில் பலருக்கு அவர்தான் ஞாபகம் வருவார். அந்தத் தங்க அரிவாளும் புல்லுருவியும் படக்கதைக்காரர்கள் சும்மா போட்டவை அல்ல. ரோமானியரான பிளினி முதலாம் நூற்றாண்டில் எழுதிய ஒரே ஒரு பத்தியிலிருந்து எடுத்தவை.

ட்ரூயிட்கள் இன்றைய பிரான்ஸ், பிரிட்டன், அயர்லாந்து பக்கம் இருந்த கெல்ட் மக்களின் பூசாரிகள், நீதிபதிகள், ஆசிரியர்கள். தங்கள் பாடங்களை எழுத்தில் வைப்பது முறையில்லை என்று நினைத்தார்களாம். சிலர் இருபது வருடம்கூட உட்கார்ந்து மனப்பாடம் செய்தார்கள் என்று ஜூலியஸ் சீசர் சொல்கிறார். நாம் அறிந்த பெரும்பாலானவை இப்படி அவர்களோடு சண்டை போட்டவர்கள் எழுதியதுதான், அல்லது பிற்காலத்துக் கிறிஸ்தவத் துறவிகள் எழுதியது. கி.பி. 60 வாக்கில் வேல்ஸ் கரையோரத்து ஆங்கிள்சி தீவில் ரோமானியப் படை இறங்கி அவர்களுடைய தோப்புகளை வெட்டிச் சாய்த்தது. அவர்கள் சொந்த வாயால் சொன்னது என்று ஒரு வரிகூட மிஞ்சவில்லை.

ஆனால் 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 4,189 பேர் மதம் என்ற இடத்தில் 'ட்ரூயிட்' என்று எழுதிக் கொடுத்தார்கள். இவர்கள் எங்கிருந்து வந்தார்கள்? இவர்களுக்குள் ஏன் இத்தனை கிளை, கிளைக்குள் கிளை? கொஞ்ச காலமாக இதைத் துருவிக்கொண்டிருக்கிறேன். ஒரு குழுவைத் தேடிப் போனால் அது உடைந்து மூன்றாகியிருக்கும். அந்த மூன்றில் ஒன்று மற்ற இரண்டையும் போலி என்று சொல்லும். பழையவர்கள் எதுவும் எழுதி வைக்காததால் ஒரு பெரிய காலி இடம் விழுந்துவிட்டது, அதை எதைக் கொண்டு நிரப்பினார்கள் என்று பார்த்தால்தான் இந்தக் கிளைகள் பிடிபடும் என்பது என் கட்சி.

இங்கிலாந்தில் இருக்கிற கல்வட்டமான ஸ்டோன்ஹெஞ்சை ட்ரூயிட்கள் கட்டவில்லை, இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அங்கே பெரிய கற்களை நிறுத்தியது கி.மு. 2500 வாக்கில். ட்ரூயிட்கள் வரலாற்றில் தலைகாட்டுவதற்கு இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேல் முந்தைய வேலை அது. பதினேழாம் நூற்றாண்டில் ஜான் ஆப்ரி 'ஒருவேளை ட்ரூயிட்கள் கோவிலாக இருக்கலாம்' என்று ஊகித்தார். 1740ல் வில்லியம் ஸ்டூக்லி அதை ஒரு முழுப் புத்தகமாகவே எழுதி நாட்டையே நம்ப வைத்தார். ஸ்டூக்லி ஆங்கிலிக்கன் பாதிரியாரும்கூட. அவர் கண்ட ட்ரூயிட், கிட்டத்தட்ட கிறிஸ்து வருவதற்கு முன்பே கிறிஸ்தவராக இருந்த ஒரு நல்ல கிராமத்துப் பாதிரியார். தங்கள் முன்னோர் காட்டுமிராண்டிகள் இல்லை என்று இங்கிலாந்துக்காரர்கள் நினைத்துக்கொள்ள அது வசதியாக இருந்தது.

1781ல் லண்டன் போலந்து தெருவில், கிங்ஸ் ஆர்ம்ஸ் என்ற மதுக்கடையில் கூடிய நண்பர் கும்பல் ஒன்று தனக்கு 'ஏன்ஷியண்ட் ஆர்டர் ஆஃப் ட்ரூயிட்ஸ்' என்று பெயர் வைத்துக்கொண்டது. கொஞ்சம் பாட்டு, கொஞ்சம் குடி, கொஞ்சம் சடங்கு. மதம் பேசக் கூடாது, அரசியல் பேசக் கூடாது. பெயர்தான் ட்ரூயிட், உள்ளே நடந்தது ஃப்ரீமேசன்கள் பாணி கிளப். உறுப்பினர் பெருகியதும் தொழிலாளர்கள் நிறையச் சேர்ந்தார்கள். 'சந்தா கட்டுகிறோம், காய்ச்சல் வந்தால், செத்துப்போனால் குடும்பத்துக்குக் காசு கொடு' என்று கேட்டார்கள். கனவான்களுக்கு இது பிடிக்கவில்லை. 1833ல் சங்கம் உடைந்தது. பிரிந்து போனவர்கள் 'யுனைட்டட்' என்ற சொல்லை முன்னால் சேர்த்துக்கொண்டார்கள். பிரிந்து போகிறவர்கள் ஏன் எப்போதும் 'ஐக்கிய' என்று பெயர் வைத்துக்கொள்கிறார்கள் என்பது நம் ஊர்க் கட்சிகளைப் பார்த்தவர்களுக்குப் புதிதல்ல. இந்த ஐக்கியக் கிளைதான் அமெரிக்கா, ஆஸ்திரேலியா, ஜெர்மனி என்று பரவியது. நடைமுறையில் அது ஒரு பரஸ்பர சகாய நிதி. தாடியும் அங்கியும் வருடத்துக்கு ஒருநாள், மற்ற நாளெல்லாம் ரசீதுப் புத்தகம்.

பழைய கிளப்போ வேஷத்தை விடவில்லை. 1905 ஆகஸ்டில் சுமார் 700 பேர் ஸ்டோன்ஹெஞ்சில் திரண்டு புதியவர்களுக்குத் தீட்சை கொடுத்தார்கள். வெள்ளை அங்கி, அரிவாள், காதில் மாட்டிய ஒட்டுத்தாடி. பத்திரிகைகள் சிரித்துத் தீர்த்தன. 1908ல் இந்தச் சங்கத்தின் ஒரு கிளையில் வின்ஸ்டன் சர்ச்சிலும் சேர்ந்தார். பிளெனிம் அரண்மனைத் தோட்டத்தில், தாடிக்காரர்கள் நடுவே அவர் நிற்கும் புகைப்படம் இருக்கிறது, தேடிப் பாருங்கள். நாட்டில் செல்வாக்குள்ளவர்கள் சேருகிற கிளப்புகளில் அதுவும் ஒன்று, அவ்வளவுதான். அவர் புல்லுருவியைக் கும்பிட்டார் என்று யாரும் சொல்லவில்லை.

இனி நான் ஆசையாக எழுத நினைத்த ஆளுக்கு வருகிறேன்.

எட்வர்ட் வில்லியம்ஸ் என்ற கல்தச்சர், 1747ல் தெற்கு வேல்ஸில் பிறந்தவர். வைத்துக்கொண்ட புனைபெயர் இயோலோ மோர்கானுக். பிரமாதமான கவிஞர், பழைய வேல்ஸ் சுவடிகளை ஊர் ஊராகத் தேடிப் படித்தவர், வாழ்நாள் முழுக்க அபின் கரைசல் குடித்தவர். அதோடு ஐரோப்பா கண்ட மிகத் தேர்ந்த இலக்கியப் போலிக்காரர்களில் ஒருவர். தானே கவிதை எழுதி, அதை பதினான்காம் நூற்றாண்டுப் பெருங்கவி தாவித் அப் க்விலிம் எழுதியது என்று கொடுத்துவிடுவார். 1789ல் அச்சான தாவித்தின் தொகுப்பில் அவை ஏறியும் விட்டன. 'ட்ரூயிட்களின் ஞானம் எங்கேயும் அழியவில்லை, எங்கள் கிளாமோர்கன் மாவட்டத்துப் பாணர்கள் வாய்மொழியாகக் காப்பாற்றி வந்தார்கள், அந்த வரிசையில் நான்தான் மிச்சம்' என்றார். தத்துவம், எழுத்துமுறை, பிரார்த்தனை, சடங்கு என்று எல்லாவற்றையும் ஆதாரத்தோடு காட்டினார். ஆதாரம் முழுக்க அவரே எழுதியது.

1792 ஜூன் 21, லண்டன் பிரிம்ரோஸ் குன்று. கையளவு கற்களை வட்டமாக வைத்து, அதற்குள் நின்று வேல்ஸ் கவிஞர்களின் முதல் கோர்செத்தை, அதாவது பாணர் அவையை, நடத்திக் காட்டினார் இயோலோ. பிறகு 1819ல் கார்மார்த்தன் ஊரில், ஐவி புஷ் என்ற விடுதித் தோட்டத்தில், பையிலிருந்த கற்களைக் கொட்டி வட்டம் போட்டு, எய்ஸ்தத்வோத் என்ற கவிதை - இசைப் போட்டி விழாவோடு தன் அவையை ஒட்டிவிட்டார். அந்த ஒட்டு இன்றுவரை பிரியவில்லை. இருபதாம் நூற்றாண்டில் பேராசிரியர் ஜி. ஜே. வில்லியம்ஸ் அவருடைய கையெழுத்துப் பிரதிகளைத் துழாவி, இது பொய், இதுவும் பொய் என்று நிரூபித்துக் காட்டினார். வேல்ஸ்காரர்கள் 'அப்படியா' என்று கேட்டுக்கொண்டு விழாவைத் தொடர்ந்து நடத்துகிறார்கள்.

அதை எப்படி நடத்துகிறார்கள் என்று கொஞ்சம் பார்க்கலாம். கவிதைப் போட்டிக்கு எல்லோரும் புனைபெயரில்தான் அனுப்ப வேண்டும். யார் வென்றார் என்பது கடைசி நிமிடம்வரை ரகசியம். பெரிய அரங்கம், ஆயிரக்கணக்கான ஜனம். மேடையில் வெள்ளை, நீலம், பச்சை அங்கிகளில் பாணர்கள். நடுவர் வந்து கவிதைகளை அலசி, வென்றவரின் புனைபெயரை மட்டும் சொல்வார். விளக்கை அணைப்பார்கள். எக்காளம் முழங்கும். 'இந்தப் பெயருக்கு உரியவர் எழுந்து நிற்கட்டும்' என்பார் தலைமை ட்ரூயிட். இருட்டுக்குள் ஒரு வெளிச்ச வட்டம் வரிசை வரிசையாகத் தேடும். பக்கத்து நாற்காலியில் இவ்வளவு நேரம் சும்மா உட்கார்ந்திருந்த பள்ளிக்கூட டீச்சர் எழுந்து நிற்பார். அவருக்கு ஊதா அங்கி போர்த்தி மேடைக்கு அழைத்துப்போவார்கள். தலைக்கு மேல் ஒரு பெரிய வாளைப் பிடித்து, பாதி உருவி, 'அமைதி உண்டா?' என்று தலைமை ட்ரூயிட் கேட்பார். 'அமைதி!' என்று மொத்தக் கூட்டமும் கத்தும். மூன்று முறை. மூன்றாவது முறைக்குப் பிறகு வாள் உறைக்குள் போய்விடும். அந்த வாள் முழுதாக வெளியே வருவதே இல்லை. வென்ற கவிஞர் தனக்கென்று செய்த நாற்காலியில் உட்காருவார். நடுவர்களுக்குத் திருப்தி இல்லாத வருடத்தில் நாற்காலியை யாருக்கும் கொடுப்பதில்லை.

1917 செப்டம்பரில் பர்க்கன்ஹெட் நகரில் விழா. பிரதமர் லாய்ட் ஜார்ஜ் வந்திருந்தார். எக்காளம் ஊதியது, பெயரை அழைத்தார்கள், யாரும் எழவில்லை. மறுபடி அழைத்தார்கள், எழவில்லை. மூன்றாம் முறையும் அப்படியே. ட்ராஸ்வினித் கிராமத்து ஆட்டிடையர் எல்லிஸ் ஹம்ஃப்ரி எவன்ஸ், எழுத்துலகில் ஹெத் வின், ஐந்து வாரம் முன்பே ஜூலை 31ல் பெல்ஜியம் போர்க்களத்தில் செத்துப்போயிருந்தார். நாற்காலியின் மேல் கறுப்புத் துணி போர்த்தினார்கள். சாம்ராஜ்யத்தின் போரை நடத்துகிற பிரதமர் உட்கார்ந்திருக்கும் அரங்கத்தில்தான் இது நடந்தது. இயோலோ கற்பனை செய்த சடங்குதான். அன்றைக்கு அதைப் பொய் என்று சொல்ல யாருக்கு வாய் வரும்?

வேல்ஸ் கோர்செத் மதம் இல்லை. அதில் இருக்கிறவர்கள் பெரும்பாலும் தேவாலயத்துக்குப் போகிறவர்கள். 2002ல் கேன்டர்பரி பேராயர் பதவிக்கு அறிவிக்கப்பட்டிருந்த ரோவன் வில்லியம்ஸ் அதில் சேர்ந்தபோது, லண்டன் பத்திரிகைகள் 'பேராயர் ட்ரூயிட் ஆகிவிட்டார்' என்று அலறின. அவருக்குக் கொடுத்தது வேல்ஸ் மொழிக்குச் செய்த பணிக்கான ஒரு மரியாதை, நாம் கலைமாமணி கொடுப்பதுபோல. கோர்செத்தின் கிளைகள் பிரான்ஸின் பிரித்தானி பகுதியில் 1900 வாக்கிலும், கார்ன்வாலில் 1928லும் முளைத்தன. அங்கேயும் காலி இடத்தை நிரப்பியது அழிந்துகொண்டிருந்த, அல்லது அழிந்தே போயிருந்த, தாய்மொழிதான்.

இயோலோவைப் போலிக்காரர் என்றே விட்டுவிட மனம் வரவில்லை. கௌபிரிட்ஜ் ஊரில் ஒரு சிறிய கடை வைத்திருந்தார். ஜமைக்காவில் அடிமைகளை வைத்துப் பணம் சேர்த்த சொந்தச் சகோதரர்களின் காசு வேண்டாம் என்றவர் அவர். கடையில் கரீபியன் சர்க்கரை கிடையாது. மனித ரத்தம் படாதது என்று எழுதிப்போட்டு, கிழக்கிந்தியச் சர்க்கரையை விற்றார்.

வேல்ஸை விட்டுக் கிளம்புமுன் இன்னொருவரைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், நமக்கு அதில் ஒரு ஒட்டுறவு உண்டு. டாக்டர் வில்லியம் பிரைஸ். தலையில் நரித்தோல் தொப்பி, பச்சை உடை, தன்னையே ட்ரூயிட் தலைவராக அறிவித்துக்கொண்டவர், தொழிலாளர் போராட்டத்தில் சேர்ந்து நாட்டைவிட்டு ஓடியவர். எண்பது வயதுக்கு மேல் ஒரு ஆண் குழந்தை பிறந்தது. அதற்கு இயேசு கிறிஸ்து என்று பெயர் வைத்தார். 1884 ஜனவரியில் ஐந்து மாதத்திலேயே குழந்தை இறந்துபோனது. புதைப்பது மண்ணை அசுத்தப்படுத்தும் என்று லான்ட்ரிசன்ட் ஊர்க் குன்றின் மேல் சிதை மூட்டினார். ஞாயிற்றுக்கிழமை தேவாலயம் முடிந்து வந்த ஜனம் ஓடிவந்து தடுத்தது, போலீஸ் பிடித்துக்கொண்டு போனது. கார்டிஃப் நீதிமன்றத்தில் நீதிபதி ஜேம்ஸ் ஃபிட்ஸ்ஜேம்ஸ் ஸ்டீபன், 'பிறருக்குத் தொல்லை இல்லாமல் பிணத்தை எரிப்பது சட்டப்படி குற்றமல்ல' என்று சொல்லிவிட்டார். இந்த ஸ்டீபன்தான் கல்கத்தாவில் இருந்தபோது 1872ன் இந்திய சாட்சியச் சட்டத்தை எழுதியவர். நம் நீதிமன்றங்களில் 2024 வரை புழங்கிய அதே சட்டம். அந்தத் தீர்ப்பைப் பிடித்துக்கொண்டு 1885ல் வோக்கிங் ஊரில் தகனச்சாலை இயங்கத் தொடங்கியது, 1902ல் தகனச் சட்டம் வந்தது. இன்றைக்கு லண்டனில் இறக்கிற ஈழத்தமிழர் ஒருவருக்குக் கொள்ளிவைக்க முடிகிறதென்றால், அந்தச் சங்கிலியின் ஒரு கண்ணி நரித்தோல் தொப்பிக்காரர். 1893ல் அவர் இறந்தபோது இரண்டு டன் நிலக்கரி அடுக்கி எரித்தார்கள். வேடிக்கை பார்க்க வந்தவர்கள் சுமார் இருபதாயிரம் பேர்.

சரி, மதமாக எப்போது ஆனது? இருபதாம் நூற்றாண்டின் ஆரம்பத்தில் ஜார்ஜ் வாட்சன் மெக்ரிகர் ரீட் என்ற இயற்கை வைத்தியர் 'யுனிவர்சல் பாண்ட்' என்ற குழுவை நடத்தினார். எல்லா மதமும் ஒன்று, மருந்து வேண்டாம், தொழிலாளர் பக்கம் நில் என்று பலதும் கலந்த குழு. சுமார் 1909 முதல் ஸ்டோன்ஹெஞ்சில் கோடைக்காலச் சூரிய உதயத்துக்கு வழிபாடு தொடங்கினார்கள். அந்த இடம் அப்போது தனியார் சொத்து. 1901ல்தான் உரிமையாளர் ஆண்ட்ரோபஸ் வேலி போட்டு, ஆளுக்கு ஒரு ஷில்லிங் வசூலிக்க ஆரம்பித்திருந்தார். ரீட் ஆட்களுக்கும் வேலிக்கும் அன்று தொடங்கிய தகராறு வருடக்கணக்கில் ஓடியது.

ரீடின் மகன் 1964ல் இறந்ததும் தலைவர் பதவிக்குத் தேர்தல். அதில் மனக்கசப்பு கொண்டு வெளியேறியவர்களில் ராஸ் நிக்கோல்ஸ் என்ற ஆசிரியர் ஒருவர். பாணர், ஓவேட், ட்ரூயிட் என்று மூன்று படிகள் கொண்ட ஒரு சங்கத்தைத் தொடங்கினார். அதைச் சுருக்கமாக ஓபாட் என்பார்கள். இவருடைய நண்பர் ஜெரால்ட் கார்ட்னர்தான் நவீன விக்கா சூனிய மதத்தை உருவாக்கியவர். நண்பர்கள் இருவருக்கும் உடை இல்லாமல் வெயில் காய்கிற கிளப் பழக்கமும் உண்டு. சங்கராந்தி நாட்களோடு பழைய கெல்டிக் பருவ விழாக்களையும் சேர்த்து வருடத்துக்கு எட்டுப் பண்டிகை என்று இன்று உலகமெங்கும் பேகன்கள் எனப்படும் இயற்கை வழிபாட்டுக்காரர்கள் கொண்டாடுகிற சக்கரம், இந்த இரண்டு நண்பர்கள் வட்டத்தில் உருவானது. எட்டையும் ஒன்றாகக் கொண்டாடிய கெல்ட் ஊர் எதுவும் பழைய காலத்தில் இருந்ததாகச் சான்று இல்லை.

நிக்கோல்ஸ் 1975ல் போனார், சங்கமும் படுத்துவிட்டது. அவரைச் சிறுவயதிலேயே அறிந்த பிலிப் கார்-காம் என்ற உளவியலாளர் 1988ல் அதை எழுப்பினார். நிக்கோல்ஸ் தியானத்தில் வந்து சொன்னார் என்பது அவர் தரும் காரணம். அதற்கு அவர் கையாண்ட கருவிதான் எனக்குப் பிடித்தது, அஞ்சல்வழிக் கல்வி. மாதாமாதம் ஒரு உறை வரும். பாடம், தியானம், வீட்டுத் தோட்டத்தில் செய்து பார்க்கவேண்டிய பயிற்சி. சந்தேகம் கேட்க ஒரு வழிகாட்டி. பிறகு பல மொழிகளில் போனது. சேருவதற்கு உங்கள் மதத்தை விடவேண்டாம், கிறிஸ்தவராகவோ பௌத்தராகவோ நாத்திகராகவோ இருந்துகொண்டே ட்ரூயிட் ஆகலாம். இயோலோ எழுதிய பிரார்த்தனையை இவர்களும் சொல்கிறார்கள், அவர் எழுதியது என்று தெரிந்தே. வரலாற்றாசிரியர் ரொனால்ட் ஹட்டன் இவர்களுடைய பூர்வ கதைகளையெல்லாம் உடைத்துப் போட்டார். இவர்கள் அவரையே கூப்பிட்டுப் பேச வைத்துக் கைதட்டுகிறார்கள்.

அமெரிக்காவில் கதையே வேறு. அது ஒரு கிண்டலில் ஆரம்பித்தது.

மினசோட்டா மாநிலம், நார்த்ஃபீல்ட் ஊரில் கார்ல்டன் கல்லூரி. மாணவர்கள் குறிப்பிட்ட தடவை மத வழிபாட்டுக்குப் போய் வருகைச் சீட்டு கொடுத்தாக வேண்டும் என்று விதி. 1963ல் சில பையன்கள் 'எங்கள் மதம் ட்ரூயிட் மதம், எங்கள் வழிபாட்டுக்குப் போனாலும் கணக்கில் சேருமா?' என்று கிளம்பினார்கள். குன்றில் கூடினார்கள். போர்வையை அங்கியாகப் போர்த்திக்கொண்டு ஒரு சடங்கு. பலி உண்டு, ஆனால் ஒரு இலைக்கொத்து மட்டும். தீர்த்தமும் உண்டு. கோடை அரையாண்டில் தண்ணீர் கலந்த விஸ்கி, குளிர் அரையாண்டில் வெறும் தண்ணீர். கொள்கை இரண்டே இரண்டு. ஆன்மிகத் தேடலுக்கு இயற்கை ஒரு வழி என்பது ஒன்று, அது முக்கியமான வழி என்பது இன்னொன்று. அதையும் பிறகு சுருக்கி, முதல் கொள்கை 'இயற்கை நல்லது', இரண்டாம் கொள்கை 'இயற்கை நல்லது' என்றே ஆக்கிவிட்டார்கள்.

1964ல் கல்லூரி அந்த விதியை எடுத்துவிட்டது. போராட்டம் ஜெயித்தாகிவிட்டது, கடையைக் கட்ட வேண்டியதுதானே? தொடங்கியவர்களும் அப்படித்தான் நினைத்தார்கள். ஆனால் வந்துகொண்டிருந்த பிள்ளைகள் நிறுத்த மாட்டோம் என்றார்கள். குன்றில் மௌனமாக நிற்பதில் அவர்களுக்கு ஏதோ கிடைத்திருந்தது. முதல் தலைமை ட்ரூயிட்டாக இருந்த டேவிட் ஃபிஷர் பிற்பாடு கிறிஸ்தவப் பாதிரியாராகிப் போனார். அவர் தொடங்கிய விளையாட்டு, சீர்திருத்த ட்ரூயிட்கள் என்ற பெயரில், தலைமுறைகள் தாண்டி ஓடுகிறது.

விளையாட்டில் பிறந்ததால் கிளைகளும் விளையாட்டாகவே வெடித்தன. ஜென் ட்ரூயிட்கள், 'பிளவுபட்ட ட்ரூயிட்கள்' (ஆம், அதுவே அதிகாரபூர்வப் பெயர்), 1970களின் நடுவில் செயின்ட் லூயிஸ் நகரத்து யூத உறுப்பினர்கள் தொடங்கிய ஹசிடிக் ட்ரூயிட்கள். ஹசிடிக்காரர்கள் யூத மறைநூல் விவாத பாணியை நையாண்டி செய்து சட்டதிட்டமெல்லாம் எழுதி வைத்தார்கள்.

இந்தக் கூட்டத்துக்குள் ஒருவர் மட்டும் சிரிக்காமல் இருந்தார், ஐசக் போன்விட்ஸ். 1970ல் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் மாயவித்தையில் பி.ஏ. வாங்கியவர். வேடிக்கை போதும், ஒழுங்காகப் படித்து, ஆய்வாளர்கள் ஒப்புக்கொள்கிற அடிப்படையில் ஒரு மதத்தைக் கட்டுவோம் என்று 1983ல் ஏ.டி.எஃப். என்ற அமைப்பை ஆரம்பித்தார். பூசாரிகளுக்கு வருடக்கணக்கில் பாடத்திட்டம், யார் வேண்டுமானாலும் வரலாம் என்ற பொது வழிபாடு. கெல்ட் பற்றிய தகவல் மட்டும் போதாது என்பதால், டூமெசில் போன்ற அறிஞர்களின் ஒப்பீட்டு ஆய்வுகளைப் பிடித்துக்கொண்டு, இந்தோ-ஐரோப்பிய மரபுகள் அனைத்தையும் உள்ளே விட்டார். நெருப்பு, கிணறு, மரம் மூன்றும் நடுவே. கிரேக்க தெய்வம் வேண்டுபவர் அதைக் கும்பிடலாம், நார்ஸ் தெய்வம் வேண்டுபவர் அதை. வேத மரபில் நின்று வழிபடுகிறவர்களுக்கும் இடம் உண்டு. அமெரிக்க வீட்டுப் பின்கட்டில் ஒருவர் ட்ரூயிட் என்ற பெயரில் அக்னிக்கு ஆகுதி கொடுக்கலாம், விதிப்படி சரி.

ட்ரூயிட்களை இந்தியாவோடு முடிச்சுப்போடுவதற்கு ஒரு முன்கதை உண்டு. 1820களின் கடைசியில் காட்ஃப்ரி ஹிக்கின்ஸ் என்ற ஆங்கிலேயர், ட்ரூயிட்கள் இந்தியாவிலிருந்து குடிபெயர்ந்த பூசாரிகள் என்று தடிமனான புத்தகமே போட்டார். அதற்கு முன்பே, கல்கத்தாவில் வேலை பார்த்த கணிதக்காரர் ரூபென் பர்ரோ, ட்ரூயிட்களும் பிராமணர்களும் ஒன்றே என்று அடித்துச் சொன்னார். மனப்பாடக் கல்வி, மறுபிறவி நம்பிக்கை என்று சில ஒற்றுமைகள் கண்ணில் பட்டதும் தாவிக் குதித்து முடிவுக்கு வந்துவிட்டார்கள். இன்றும் வாட்ஸப்பில் இதே சங்கதி 'ஸ்டோன்ஹெஞ்ச் சிவன் கோவில்' என்ற வடிவத்தில் வந்து சேருகிறது. பாட்டன் பெயர் ஸ்டூக்லியும் ஹிக்கின்ஸும்தான் என்று அனுப்புகிறவர்களுக்குத் தெரியாது.

போன்விட்ஸின் பரந்த மனசு சிலருக்குப் பொறுக்கவில்லை. கெல்ட் என்றால் கெல்ட், கிரேக்கமும் ரோமும் எதற்கு என்று கேட்டவர்கள் 1986ல் ஒரு பேகன் முகாமில் குறைகளைப் பட்டியல் போட்டு, மார்ட்டின் லூதர் தேவாலயக் கதவில் அறைந்த கதையின் பாணியில், அவருடைய வேன் கதவில் ஒட்டினார்கள். அதிலிருந்து வந்தது ஹெஞ்ச் ஆஃப் கெல்ட்ரியா. ஆதாரம், ஆதாரம் என்று கிளம்பிய கிளையில்தான் ஆதாரத்தின் பேரில் பிரிவும் வந்தது. விஸ்கித் தீர்த்தக்காரர்கள் கொள்கைக்காக வேன் கதவு தேடிப் போனதாக நான் எங்கும் படிக்கவில்லை.

பிரிட்டனில் 1980களின் கடைசியிலும் 90களிலும் மழைக்காளான்போலச் சங்கங்கள். கிளாஸ்டன்பரி ஆர்டர் ஆஃப் ட்ரூயிட்ஸ் என்பதைச் சுருக்கினால் 'காட்'. செக்யுலர் ஆர்டர் ஆஃப் ட்ரூயிட்ஸ் என்பதைச் சுருக்கினால், 'ஸாட்'. அது ஆங்கிலத்தில் ஒரு வசவு, தெரிந்தே வைத்துக்கொண்டது. எல்லோரையும் ஒரே மேசையில் உட்காரவைக்க 1989ல் ஒரு கவுன்சில் அமைத்தார்கள். அதுவும் பிற்பாடு இரண்டாகியது. இவர்கள் நடுவே எமா ரெஸ்டல் ஓர் தொடங்கிய ட்ரூயிட் நெட்வொர்க்தான் அரசாங்கத்தோடு மல்லுக்கட்டி, 2010ல் அறநிலைய ஆணையத்திடம் மதம் என்ற தகுதியில் அறக்கட்டளைப் பதிவு வாங்கியது. வரிச்சலுகையும் கிடைத்தது. 'நாங்கள் எதை வழிபடுகிறோம்' என்று பல பக்கங்களில் எழுதிக் கொடுக்க வேண்டியிருந்ததாம். எதையும் எழுதி வைக்காதவர்களின் பெயரால்.

எல்லாக் கிளையும் ஸ்டோன்ஹெஞ்சில் வந்து முட்டும். 1985 ஜூன் 1ல், அங்கே இலவச இசைவிழாவுக்குப் போன நாடோடி வண்டிக்கூட்டத்தைப் போலீஸ் ஒரு பீன்ஸ் வயலில் மடக்கி அடித்து நொறுக்கியது. பிறகு பல வருடம் கோடைச் சங்கராந்திக்கு யாரும் நெருங்க முடியாது. அப்போது முளைத்தவர்தான் ஆர்தர் பென்ட்ராகன். முன்னாள் ராணுவ வீரர், பைக் கோஷ்டித் தலைவர். 1986ல் சட்டப்படி பெயரை மாற்றிக்கொண்டு, தானே ஆர்தர் மன்னரின் மறுபிறவி என்று அறிவித்து, 'விசுவாச ஆர்தர் போர்ப்படை' என்ற ட்ரூயிட் கிளையை நடத்துகிறார். வெள்ளை அங்கி, தலையில் வளையம், இடுப்பில் எக்ஸ்கேலிபர் வாள். அந்த வாள் ஒரு ஹாலிவுட் படத்துக்குச் செய்ததாம். வருடா வருடம் தடையை மீறினார், கைதானார், நீதிமன்றம் ஏறினார். ஸ்டோன்ஹெஞ்ச் பக்கத்துச் சாலையோரத்தில் அமைதியாகக் கூடிய வேறு இருவர் வழக்கில் 1999ல், பொதுச்சாலையில் அமைதியாகக் கூடுவது தன்னாலே குற்றமாகிவிடாது என்று பிரபுக்கள் சபை தீர்ப்புச் சொன்னது. 2000 முதல் சங்கராந்தி இரவில் கற்களுக்கு நடுவே எல்லோரையும் விடுகிறார்கள். ஆயிரக்கணக்கில் ஜனம் வருகிறது.

கேட்டது கிடைத்துவிட்டதே, ஆர்தர் ஓய்ந்தாரா? பிறகு நிர்வாகம் சங்கராந்திக்கு வருகிற கார்களுக்கு 15 பவுண்டு நிறுத்தக் கட்டணம் போட்டது. வழிபட வருகிறவனிடம் காசு கேட்பது மத உரிமை மீறல் என்று அவர் சால்ஸ்பரி நீதிமன்றத்துக்குப் போனார். 1901ல் போட்ட ஒரு ஷில்லிங்குக்கு ரீட் ஆட்கள் கட்டிய வாதமும் ஏறக்குறைய இதேதான். 2017ல் நீதிபதி, கட்டணம் எல்லோருக்கும் பொது, மதத்துக்கென்று தனியாகப் போடவில்லை என்று வழக்கைத் தள்ளுபடி செய்தார்.